பாராட்டவும் பயிற்சியா?

கேள்வி: அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது என்று ஆசிரியரின் கையைக் கட்டியாயிற்று. இப்போது பாராட்டியே வகுப்பை வழிக்குக் கொண்டுவரப் பயிற்சி வேறாம். பாராட்டத் தெரியாமலா நாங்கள் 34 வருடம் பாடம் நடத்தினோம்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஐயா, உடலைத் தண்டிப்பதையும் மனதைத் துன்புறுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. உங்களுக்குப் பாராட்டத் தெரியும் என்பதையும் நம்புகிறேன். யாரை, எப்போது என்பதில்தான் கோட்டை விட்டோம்.

சார் இல்லாத நேரத்தில் கிளாஸ் லீடர் கரும்பலகை ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று பெயர் எழுதுவான். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு இன்ட்டு. சார் வந்ததும் முதலில் படிப்பது அதைத்தான். வாய் திறக்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மற்றவர்களின் பெயரை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. சார் நம்மைத் திரும்பிப் பார்க்க என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தப் பலகையே கற்றுக்கொடுத்துவிட்டது.

அமெரிக்காவில் 48 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் இருந்த ஒரு முதல் வகுப்பைக் கவனித்து எழுதிய ஆய்வு 1968-இல் வெளிவந்தது. 'உட்கார்' என்று சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுந்து நிற்பது கூடியது. உட்கார்ந்து வேலை செய்தவர்களைப் பாராட்டிய பிறகுதான் குறைந்தது. ஆனால் அதட்டிய கணத்தில் பிள்ளை உட்கார்ந்துவிடுகிறதே! அதைக் கண்டு, அதட்டல் பலிக்கிறது என்று ஆசிரியர் நம்பிவிடுகிறார். உள்ளே நிற்பவர் கண்ணுக்கு இது படாது. பயிற்சி வேண்டியது இதனால்தான்.

வெறும் 'வெரி குட்' காற்றோடு போய்விடும். "மணி அடிச்சதுமே நோட்டை எடுத்துத் தேதி போட்டுட்டியே" என்றால், எது நல்லது என்று பிள்ளைக்குப் புரிகிறது. 'அவனைப் பாரு, நீயும் இருக்கியே' என்பதைப் பாராட்டில் சேர்க்காதீர்கள். அது ஒருவனை அடிக்க இன்னொருவனைப் பிரம்பாக எடுப்பது. ஒன்பதாம் வகுப்புப் பையனை எல்லோர் முன்னாலும் புகழ்ந்தால் கூசிப்போவான். நோட்டுத் திருத்தும்போது மெல்லச் சொன்னால் போதும். 'நீ புத்திசாலி' என்றும் வேண்டாம். உளவியல் ஆய்வாளர்கள் மியூல்லரும் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப் புகழப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் சறுக்கியதும் துவண்டார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள்.

அடிதடி என்றால் உடனே தடுக்கத்தான் வேண்டும்; அங்கே பாராட்டுக்கு வேலை இல்லை.

மண்டபத்தில் ஒருநாள் உட்காரவைத்துப் பவர்பாயிண்ட் காட்டி அனுப்பும் பயிற்சியை நானும் எதிர்க்கிறேன். புதிய ஆசிரியரின் வகுப்பில், அவர் சம்மதத்தோடு, அனுபவசாலி ஒருவர் கடைசி பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார வேண்டும். ஒரு தாளில் பாராட்டுக்கு ஒரு கோடு, அதட்டலுக்கு ஒரு கோடு. இடைவேளையில் அதை அவரிடம் மட்டும் காட்ட வேண்டும். அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும். 34 வருடம் வகுப்பில் நின்ற நீங்களே உங்கள் ஊர்ப் பள்ளியில் இதைத் தொடங்கலாமே, ஐயா?