கேரளத்தில் புதிதாகக் குடியேறும் தமிழருக்கு மலையாளிகளின் பண்பாடு எளிதில் பிடிபடுமா?

பணி மாறுதலில் கேரளத்துக்குப் போகவிருப்பதாகச் சொல்லி, "மொழியும் சாப்பாடும் ஏறத்தாழ நம்முடையவைதானே, ஒரே மாதத்தில் பழகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பத்தோடு போகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். மதுரைக்காரனான நானும் ஐந்தாண்டுகளுக்கு முன் இதே நினைப்போடுதான் திருச்சூரில் வந்து இறங்கினேன். அந்த 'ஏறத்தாழ'தான் என்னை இடறிவிட்டது. மலையாளிகளைக் கரைத்துக் குடித்தவன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்தது திருச்சூர் மட்டுமே. கண்ணூரிலோ கொல்லத்திலோ வாழும் தமிழர்கள் வேறு விதமாகச் சொன்னால் அவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

வந்த மறுநாள் மகளைச் சேர்ப்பதற்காகக் கிளம்பி, ஆட்டோக்காரரிடம் "பள்ளி" என்று மட்டும் சொன்னேன். அவர் நேராகப் புத்தன் பள்ளி என்று ஊரார் அழைக்கும் வியாகுல மாதா பேராலயத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே பள்ளி என்றால் தேவாலயம் அல்லது மசூதி. பிள்ளைகள் படிக்கும் இடம் 'ஸ்கூல்'. 'புத்தன்' என்பதற்குப் 'புதிய' என்றுதான் பொருள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இதைச் சிரித்துக் கடந்துவிட்டேன். அடுத்ததைக் கடக்க முடியவில்லை.

நாங்கள் குடியேறியது ஓட்டு வீடு. வீட்டு உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதால் எல்லாரும் அவரை 'மாஷ்' என்றே அழைப்பார்கள். வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்பிப் பழகிய எனக்கு, ஜூன் மாதம் தொடங்கிய அந்த மழை மூன்றாம் நாளும் விடாதபோது பயமாகவே இருந்தது. படுக்கையறையில் ஒழுகத் தொடங்கியதும் மாஷிடம் போய்ச் சொன்னேன். நான்கு நாள் கழித்து மீண்டும் கேட்டபோது, அவர் மிகவும் பணிவான குரலில், "ஆளெ விளிக்கான் அவசரம் கிட்டியில்ல, ஸ்ரமிக்காம்" என்றார். ஆள் கூப்பிட அவசரம் ஒன்றுமில்லை, அதெல்லாம் சிரமம் என்று அவர் சொல்வதாகவே என் காதில் விழுந்தது. மெத்தை நனைந்து கிடக்கும்போது இப்படி ஒரு மனிதர் சொல்வாரா என்று தமிழிலேயே கத்திவிட்டு வந்தேன். மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு, 'ஸ்ரமிக்காம்' என்றால் முயற்சி செய்கிறேன் என்பதை மறுநாள் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டபோது, மாஷின் முகத்தில் எப்படி விழிப்பது என்றே தெரியவில்லை.

மரியாதையிலும் இதே குழப்பந்தான். மலையாள வினைச்சொல்லில் ஆன், ஆள், ஆர் என்னும் விகுதிகள் கிடையாது. நான் வந்தாலும் அவர் வந்தாலும் 'வந்நு' ஒன்றுதான். பக்கத்து வீட்டுச் சிறுமி என்னைப் பார்த்து "சேட்டன் வந்நோ" என்றபோது, "அண்ணன் வந்தானா" என்பது போலக் கேட்டு முகம் சுளித்தேன். அந்த மரியாதை வினையில் இல்லாமல் 'சேட்டன்' என்ற விளியில் இருக்கிறது என்பது உறைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

தெரு என்ற ஒன்று இல்லாததும் உங்களை வாட்டும், குறிப்பாகப் பகலில் வீட்டில் இருப்பவர்களை. ஒவ்வொரு வீடும் தென்னையும் பலாவும் சூழ்ந்த தன்தன் பறம்புக்குள், அதாவது தோட்ட மனைக்குள், ஒதுங்கி நிற்பதால், மதுரையில் போல வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச வழியில்லை. எங்களுக்கு அந்தக் குறையைத் தீர்த்தது வாயனசாலை என்னும் படிப்பகம். திருவிதாங்கூரில் 1945-இல் பி. என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய நூலக இயக்கம் பின்னர் மாநிலம் முழுதும் பரவியது. எங்கள் பகுதி வாயனசாலையில் நாளிதழ் புரட்டும் பெரியவர்கள்தான் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உணவகத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வெந்நீர் வந்தால் பதறாதீர்கள், அது பதிமுகம் என்னும் மரத்துண்டைப் போட்டுக் கொதிக்கவைத்த குடிநீர்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். தமிழரைப் 'பாண்டி' என்று இளக்காரமாகச் சொல்பவர்கள் அங்கே உண்டு. எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவில்லை, ஆனால் கடைவீதியில் முதுகுக்குப் பின்னால் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். நம் பக்கமும் யோக்கியமில்லை. நான் கிளம்பும்போது, மலையாளிகள் மருந்து வைத்துவிடுவார்கள், மாந்திரீகம் செய்வார்கள் என்று எச்சரித்த உறவினர்களில் பட்டதாரிகளும் இருந்தார்கள். மேட (சித்திரை) மாதத்துத் திருச்சூர்ப் பூரத் திருவிழாவில் வடக்குநாதன் கோயில் வளாகத்து இலஞ்சி (மகிழ) மரத்தடியில் இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகச் செண்டையும் கொம்பும் குழலும் முழக்க, கூட்டம் முழுவதும் கைகளைக் காற்றில் வீசித் தாளம் போட்டதைப் பார்த்து நின்றபோது, இந்த மேளத்துக்கு என்ன பெயர் என்று பக்கத்தில் நின்ற மாஷைக் கேட்டேன். "பாண்டி மேளம்" என்றார். கடைவீதியில் குத்திய அதே சொல்லுக்கு அங்கே ஊரே மெய்ம்மறந்து நின்றிருந்தது.

மாஷோடு நான் சமாதானமானது எப்படி என்று கேட்பீர்கள். மன்னிப்புக் கேட்க ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டில் இல்லை. ஓடு மாற்றுபவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே குடையோடு நின்றிருந்தார். இப்போதெல்லாம் என்னிடம் பேசும்போது மட்டும் 'அவசரம்' என்று தொடங்கி, சற்று நிறுத்தி, "சமயம் கிட்டியில்ல" என்று திருத்திச் சொல்கிறார்.