'குரோயிங் கால்ஸ் ஃபார்' என்ற ஆங்கிலத் தொடரை எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது?

காரைக்குடியில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். சங்கங்களும் ஊர்க்காரர்களும் கலெக்டருக்கும் ரயில்வேக்கும் கொடுக்கிற ஆங்கில மனுக்களை அடித்துக் கொடுப்பதில்தான் பாதிப் பிழைப்பு ஓடுகிறது. அதனால் இலக்கணத்தைப் பிறகு பார்க்கலாம். இந்தத் தொடர் யார் வாயில் வரவேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

'தேர் ஆர் குரோயிங் கால்ஸ் ஃபார்' என்பது வெளியே நின்று பார்க்கிறவர் சொல்வது. பலரும் ஒன்றைக் கேட்கிறார்கள், கேட்கிறவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது என்று நிருபர் எழுதலாம், தலையங்கத்தில் வரலாம். கோரிக்கை வைக்கிறவரே எழுதினால் ஒட்டாது. ஒரு சங்கம் தன் லெட்டர்பேடில் இப்படி ஆரம்பித்தால், 'யாரோ கேக்குறாங்க, சரி, நீங்க என்ன கேக்குறீங்க?' என்றுதான் அதிகாரிக்குத் தோன்றும். மனுவுக்கு 'வீ ரிக்வெஸ்ட்' போதும். சூடு வேண்டுமென்றால் 'வீ டிமாண்ட்'. அந்த இடத்தில் 'வீ டிமாண்ட் ஃபார்' என்று எழுதிவிடாதீர்கள். டிமாண்ட் வினையாக வரும்போது 'ஃபார்' சேராது, பெயர்ச்சொல்லாக வந்தால்தான் சேரும். எனக்கு வரும் கைப்பிரதிகளில் நான் அதிகம் வெட்டி நீக்குவது அந்த 'ஃபாரை'த்தான்.

அடுத்தது 'குரோயிங்'. இதைப் பலர் அலங்காரத்துக்குப் போடுகிறார்கள். எங்கள் காரைக்குடி - திருவாரூர் ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அகலப்பாதை வேலைக்காக மூடி, ஆண்டுக்கணக்கில் ரயில் இல்லாமல் கிடந்து, 2019-ல்தான் திருவாரூர் வரை வண்டி ஓடியது. மூடிய புதிதில் ஊருக்கு ஊர் குரல் கிளம்பினால் அது 'குரோயிங் கால்ஸ்'. அதே ஆட்கள் அதே மனுவை வருஷா வருஷம் கொடுத்துக்கொண்டிருந்தால் அது 'லாங் ஸ்டாண்டிங் டிமாண்ட்'. ஓய்ந்துபோன கோரிக்கையை மறுபடி கிளப்பினால் 'ரினியூட் கால்ஸ்'. மூன்றும் வேறு வேறு நிலைமை. எங்கே பார்த்தாலும் 'குரோயிங்' போடுகிறவர் நிலைமையை விசாரிக்காமல் எழுதுகிறார் என்று அர்த்தம்.

'குரோயிங் டிமாண்ட்' என்றும் எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் பொருளைப் பார்த்து எழுத வேண்டும். 'குரோயிங் டிமாண்ட் ஃபார் ஆத்தங்குடி டைல்ஸ்' என்றால் கல் நன்றாக விற்கிறது, ஆர்டர் குவிகிறது என்றுதான் படிப்பார்கள். அந்தத் தொழிலாளர்களுக்கு உதவி வேண்டும் என்று ஊரில் பேச்சு எழுந்திருந்தால் 'குரோயிங் கால்ஸ் ஃபார் சப்போர்ட்' என்பதே சரி. கடையில் விலைபோகிற பொருளுக்கு டிமாண்ட், அரசு செய்யவேண்டிய காரியத்துக்கு கால்ஸ் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

இனி 'ஃபார்', 'டு', 'ஆன்' குழப்பம். செட்டிநாட்டின் ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இன்னொரு பக்கம் பழைய வீடுகளைப் பிரித்து பர்மா தேக்குத் தூணையும் நிலையையும் விற்கிறார்கள். இந்த வீடுகளைக் காக்கச் சொல்லி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெயர்ச்சொல் தொடர்ந்தால் 'கால்ஸ் ஃபார் தி புரொடெக்‌ஷன் ஆஃப் தீஸ் ஹவுசஸ்'. வினை தொடர்ந்தால் 'கால்ஸ் டு புரொடெக்ட் தீஸ் ஹவுசஸ்'. யார் செய்யவேண்டும் என்பதும் வரவேண்டுமா? 'கால்ஸ் ஃபார் தி கவர்ன்மெண்ட் டு புரொடெக்ட் தெம்'. 'கால்ஸ் ஃபார் டு புரொடெக்ட்' என்று இரண்டையும் ஒட்டிப் போடுவது தவறு. 'ஆன்' வந்தால் யாரைப் பார்த்துக் கேட்கிறோமோ அவரைச் சொல்கிறோம்: 'கால்ஸ் ஆன் தி கவர்ன்மெண்ட் டு ஆக்ட்'. கேட்கிறவர் யார் என்று சொல்ல 'ஃப்ரம்' போதும்: 'கால்ஸ் ஃப்ரம் ரெசிடென்ட்ஸ்'. அந்த 'ஃப்ரம்' இல்லாத செய்தியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். யார் கேட்டார்கள் என்று தெரியாதபோது நிருபரே கேட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

பன்மையை மறக்க வேண்டாம்: 'தேர் ஆர்', 'தேர் இஸ்' அல்ல. எதற்காக என்பதைச் சொல்லாமல் வெறும் 'வீ ஆர் கெட்டிங் குரோயிங் கால்ஸ்' என்று விட்டால் கடைக்கு போன் அதிகமாக வருகிறது என்று ஆகிவிடும். செய்தித் தலைப்பில் மட்டும் 'கால்ஸ் குரோ ஃபார்' என்று சுருக்கி எழுதுவார்கள். அதைக் கடிதத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.