தோட்டத்து 12 வோல்ட் லைட், டிரான்ஸ்ஃபார்மர்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, தோட்டத்து லைட் மொத்தமும் ஒரே ராத்திரில அணைஞ்சு போச்சு, டிரான்ஸ்ஃபார்மர் மாத்திடவா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. அவுட்புட் ஒயர் ரெண்டையும் கழட்டிட்டு மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வெச்சு பாருங்க, 12 கிட்ட காட்டுச்சுன்னா டிரான்ஸ்ஃபார்மர் நல்லாத்தான் இருக்கு, வெளிய எங்கயோ ஷார்ட், இல்லன்னா ஒயர் கட். ஒண்ணுமே காட்டலன்னா ஃபியூஸ், டைமர் பாத்துட்டு அப்புறம் மாத்துங்க. இது கனமான இரும்பு கோர் டைப்புக்கு, எலக்ட்ரானிக் டைப்புல சாதா மீட்டர் ரீடிங்க நம்பக் கூடாது.

கேள்வி: 5 வாட் எல்இடி 16 இருக்கு சார், எத்தன விஏ டிரான்ஸ்ஃபார்மர் வாங்கறது?

பதில்: 150. விஏங்கறது டிரான்ஸ்ஃபார்மர் தாங்கற லோடு அளவு. மொத்தம் 80 வாட்தான், ஆனா எல்இடி வாட்ட விட விஏ அதிகமா இழுக்கும், 80 சதவீதத்துக்கு மேல லோடு ஏத்தவும் கூடாது.

கேள்வி: கடைசில இருக்கற ஹாலஜன் மட்டும் மங்கலா எரியுதுண்ணா.

பதில்: நிறைய பேர் இதுக்குத்தான் நல்ல டிரான்ஸ்ஃபார்மர தூக்கிப் போடறாங்க, மனசுக்கு கஷ்டமா இருக்கு. கணக்கு பாருங்க, 60 வாட்னா 5 ஆம்ப், 30 மீட்டர் தள்ளி இருந்தா போக வர 60 மீட்டர் ஒயர், 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர்லயே 2 வோல்ட்டுக்கு மேல வழியிலயே போயிடும், லைட்டுக்கு 10 கூட வராது. தடி ஒயர் போடுங்க, இல்லன்னா டிரான்ஸ்ஃபார்மர நடுவுல வெச்சு ரெண்டு பக்கமா பிரிங்க. டிரான்ஸ்ஃபார்மர்ல 13, 14 வோல்ட் தர்ற தனி அவுட்புட் முனை (டேப்) இருந்தா அதுக்கு மாத்தலாம், ஆனா பக்கத்துல இருக்கற லைட்டுக்கு எவ்ளோ போகுதுன்னும் அளந்துடுங்க, ரொம்ப கூடினா அந்த பல்பு போயிடும்.

கேள்வி: எல்இடி மாத்தினதுலேந்து மினுக்குது.

பதில்: பழைய டிரான்ஸ்ஃபார்மர் எலக்ட்ரானிக் டைப்பா? அதுக்கு குறைஞ்சபட்ச லோடு வேணும், எல்இடி அவ்ளோ இழுக்காது. இரும்பு கோர் டைப்புக்கு மாத்துங்க.

கேள்வி: ஜாயின்ட்டுக்கு இன்சுலேஷன் டேப் போதாதா?

பதில்: மண்ணுக்குள்ள போதவே போதாதுங்க. ஒரு ஜாயின்ட்ட பிரிச்சேன், டேப் மேல பாக்க புதுசு மாதிரி, உள்ள தண்ணி, செம்பு பச்சையா களிம்பு ஏறி நகத்தால தொட்டதுமே உதிர்ந்துடுச்சு. ஜெல் நிரப்பின வாட்டர்ப்ரூஃப் கனெக்டர் போடுங்க.

கேள்வி: நானே மாட்டலாமா?

பதில்: 12 வோல்ட் பக்கம் தாராளமா. மெயின் கரண்ட் பக்கம் எலக்ட்ரீஷியன்கிட்ட விடுங்க, எர்த்தும் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற ஸ்விட்ச்) கேட்டு வாங்குங்க. டிரான்ஸ்ஃபார்மர தரையிலேந்து ஒரு அடி மேல மாட்டி, ஒயர கீழ தொங்க விட்டு வளைச்சு அடிப்பக்கமா ஏத்துங்க, மழைத்தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும்.