மீடியாவை ஒரு பாடமாக எடுக்கலாமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். அடுத்த இரண்டு வருடங்களுக்கு மீடியாவை ஒரு பாடமாக எடுக்க ஆசைப்படுகிறாள். அது சுலபமாக மார்க் வாங்கத்தான் உதவும், பின்னால் கல்லூரியில் மதிக்கமாட்டார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எங்களிடம் கேமராவும் கிடையாது, ஃபோன் மட்டும்தான். எடுக்க விடலாமா?

பதில்: விடலாம். ஆனால் எதற்காக ஆசைப்படுகிறார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். வீடியோ எடுக்கப் பிடிக்கும் என்பது மட்டும்தான் காரணம் என்றால், முதல் பருவத்திலேயே சலித்துப் போகலாம். இந்தப் பாடத்தில் எடுப்பதைவிடப் பார்ப்பதும், பார்த்ததைப் பற்றி எழுதுவதும் அதிகம். நம் 11, 12ஆம் வகுப்புகளுக்கு இணையான இங்கிலாந்தின் ஏ லெவல் படிப்பில், மீடியா ஸ்டடீஸ் பாடத்தில் மாணவரின் சொந்தப் படைப்புக்கு 30 சதவீதம்தான். மீதி 70 எழுத்துத் தேர்வுக்குப் போகிறது. கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் பாடத்திட்டத்தில் இரண்டும் பாதிக்குப் பாதி. சிபிஎஸ்இ-யில் இது 11, 12ஆம் வகுப்புகளுக்கான திறன் பாடங்களில் ஒன்று. அங்கும் எழுத்துத் தேர்வு, செய்முறை இரண்டும் உண்டு.

சுலபம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், எல்லோரும் தினமும் படம் பார்க்கிறோம், செய்தி பார்க்கிறோம், அதில் படிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணத்திலிருந்து. உண்மையில் நிறைய இருக்கிறது. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டுப் போடுவது என்று முடிவு செய்யாத 100 பேரிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன வரிசை, செய்தி ஊடகங்கள் எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்ற வரிசையோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப் போனது. 1972இல் வெளியான அந்த ஆய்வைப் படித்த மாணவர், செய்தித்தாளின் முதல் பக்கத்தைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது. எந்தச் செய்தி மேலே இருக்கிறது, எது ஏழாம் பக்கத்தின் மூலைக்குப் போனது, எது வரவே இல்லை என்றெல்லாம் கேள்வி எழும். இன்னொரு பக்கம், 1973இல் பிரிட்டனின் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் எழுதிய கட்டுரை, பார்ப்பவர்கள் காட்டியதை எல்லாம் அப்படியே விழுங்குவதில்லை என்கிறது. ஒரே விளம்பரத்தை ஒருவர் முழுதாக ஏற்பார், ஒருவர் பாதி ஏற்றுப் பாதி தள்ளுவார், ஒருவர் அதற்கு எதிராகவே பொருள் கொள்வார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தன் சொந்த உதாரணத்தோடு வாதாட வேண்டும். பதினாறு வயதில் அது லேசான வேலை கிடையாது. ஃபோனைத் திறந்தால் கொட்டுகிற செய்திகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சேர்வதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை வைக்கலாம். அரை நிமிட விளம்பரம் ஒன்றை மகள் முதலில் சத்தமில்லாமல் பார்க்கட்டும், பிறகு படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்கட்டும். எத்தனை ஷாட், எங்கே வெட்டினார்கள், யாருடைய முகத்தை அருகில் காட்டினார்கள், யாரைக் காட்டவே இல்லை என்று குறித்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதட்டும். எழுதி முடித்ததும் இன்னொன்றை எடுத்துப் பார்க்கத் தோன்றினால், தாராளமாகச் சேருங்கள். அரைப் பக்கத்திலேயே அலுத்துவிட்டால் யோசிக்க வேண்டும்.

கல்லூரி விஷயத்தில் உறவினர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருந்தது. பிரிட்டனின் முன்னணிப் பல்கலைக்கழகங்களைக் கொண்ட ரஸ்ஸல் குழுமம், பல படிப்புகளுக்குக் கதவு திறக்கும் பாடங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதில் மீடியா இல்லை. 2019இல் அந்தப் பட்டியலையே கைவிட்டார்கள். இன்று நீங்கள் பார்க்க வேண்டியது கூட எடுக்கும் மற்றப் பாடங்களை. மருத்துவமோ பொறியியலோ மனதில் இருந்தால், அவற்றுக்குக் கட்டாயமான அறிவியல், கணிதப் பாடங்களை இதற்காக விட்டுவிடக் கூடாது. இதழியல், சட்டம், சமூகவியல், வடிவமைப்பு போன்றவை என்றால் இலக்கியம், வரலாறு, பொருளியல், கணினி ஆகியவற்றில் ஒன்றிரண்டோடு மீடியா நன்றாகப் பொருந்தும். பள்ளியில் மீடியா படிக்காதவர்களையும் பெரும்பாலான ஊடகப் பட்டப்படிப்புகள் சேர்த்துக்கொள்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விருப்பமுள்ள கல்லூரிகளின் சேர்க்கை விதிகளை இப்போதே படித்துவிடுவது நல்லது.

அப்புறம் கேமரா. ஃபோன் போதும், வாங்க வேண்டாம். மாணவர் படங்கள் பெரும்பாலும் சத்தத்தில்தான் கெடுகின்றன. பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால், இன்னொரு ஃபோனைப் பேசுபவரின் வாய்க்கு அருகே மறைத்து வைத்து ஒலியைத் தனியாகப் பதிவு செய்யலாம். ஷாட் ஆரம்பத்தில் ஒருமுறை கை தட்டினால், எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் பொருத்துவது எளிது. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாத அரை நிமிட ஒலியையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வசனங்களுக்கு நடுவே வரும் ஓட்டையை அது மூடும். படம் பிடிக்கும்போது திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் நடிப்பவர் அசையும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும். கதை சின்னதாக இருக்கட்டும்: இரண்டு பேர், ஓர் அறை, ஒரு ஜன்னல் வெளிச்சம். துரத்தலும் துப்பாக்கியும் வைத்த கதைகள் பாதியில் நிற்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண்ணை இழப்பது பெரும்பாலும் குறிப்பேட்டில். ஏன் இந்தக் கோணம், ஏன் இந்த எழுத்துரு, யார் பார்ப்பார்கள் என்று நினைத்து இதைச் செய்தேன் என்பதை அன்றன்றே தேதி போட்டு எழுத வேண்டும். கடைசி வாரத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். தவிர, வேலை மாணவருடையதுதான் என்று பள்ளி உறுதி செய்யவும் அந்தக் குறிப்புகள்தான் உதவுகின்றன. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட வேண்டாம். சொந்தமாக வாசித்த இசையோ, பயன்படுத்த உரிமம் உள்ள இசையோ போடலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவுக்கு அனுமதிக்கிறார்கள் என்பதை ஆரம்பத்திலேயே ஆசிரியரிடம் கேட்டுவிட வேண்டும். எடுத்த காட்சிகளை ஃபோனில் மட்டும் வைத்திருக்காமல் இன்னும் இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள்.

பள்ளிக்குப் போய்ப் பேசும்போது, இந்தப் பாடத்தை யார் நடத்துகிறார், எத்தனை வருடமாக நடத்துகிறார், போன வருட மாணவர்களின் படைப்பையும் குறிப்பேட்டையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் இருக்கும் இடத்தில் அவற்றைத் தயக்கமில்லாமல் எடுத்துக் காட்டுவார்கள். ஆசிரியர் இன்னும் நியமிக்கப்படவில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால், அந்தப் பள்ளியில் மட்டும் இந்தப் பாடத்தை எடுக்க வேண்டாம்.