பழைய பைக்கின் கார்புரேட்டர்: கேள்விகளும் பதில்களும்

வந்திருக்கும் கேள்விகளில் பாதி, "கார்புரேட்டரையே மாற்றிவிடலாமா?" என்றுதான் முடிகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர், அதை மாற்ற வேண்டிய நிலை மிக அரிது. டேங்கில் தொடங்கி பெட்ரோல் வருகிற வழியிலேயே பார்த்துக்கொண்டு வாருங்கள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள திருகு), ஸ்க்ரூ எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். பத்து கிலோமீட்டர் நன்றாக ஓடுகிறது, பிறகு பெட்ரோல் தீர்ந்த மாதிரி திணறி நின்றுவிடுகிறது. ஐந்து நிமிஷம் விட்டு உதைத்தால் ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டரை இரண்டு தடவை சர்வீஸ் பண்ணியாச்சு அண்ணா.

கார்புரேட்டரை விடுங்கள் தம்பி. அடுத்த தடவை நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டு, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். மூடியைப் பெட்ரோலில் ஊறவைத்து ஊதிச் சுத்தம் செய்தால் போதும்.

மூடி சரியாக இருந்தால் அடுத்தது பெட்ரோல் காக், அதாவது டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய். கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுக் காக்கைத் திறங்கள், இன்ஜின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஒரே சீராக ஒழுக வேண்டும். முதலில் வேகமாக வந்து பிறகு சொட்டுச் சொட்டாகக் குறைந்தால், காக்கின் மேல் டேங்குக்குள் நிற்கும் சல்லடையில் துரு அடைத்திருக்கும். காக்கை ஆனில் வைத்தால் குறைவாகவும் ரிசர்வில் வைத்தால் நன்றாகவும் வந்தாலும் அதே காக்கைத்தான் கழற்ற வேண்டும்.

ஸ்ப்ளெண்டர் நாலு மாசம் சும்மா நின்றது. இப்போது சோக் போட்டால்தான் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் ஸ்லோவில் நிற்க மாட்டேங்குது. என்ன பண்ணலாம்?

ஸ்லோ ஜெட் அடைப்பு, அதாவது ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் ஸ்லோவில் ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் ஜெட். ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் நின்றுபோன பெட்ரோல் ஆவியாகி, மீதி வார்னிஷ் மாதிரி பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். இருப்பதிலேயே சின்னத் துளை ஸ்லோ ஜெட்டில்தான், அதனால் முதலில் அடைவதும் அதுதான். சோக் போட்டால் கலவையில் பெட்ரோல் அதிகமாகிக் குறையைச் சமாளிக்கிறது, அவ்வளவுதான்.

ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒரு பொட்டு வெளிச்சம் தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலாகவோ ஒரு பக்கம் நறுக்கியது போலவோ தெரிந்தால் அடைப்பு முழுதாகப் போகவில்லை. ஊசி, கம்பி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள், ஜெட் பித்தளை, ஒரு தடவை கீறினாலே அளவு மாறிவிடும், அதன் பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது. கார்ப் கிளீனர் அடித்து ஊறவிடுங்கள், பிறகு கம்ப்ரஸர் காற்றால் ஊதுங்கள். ரொம்ப இறுகியிருந்தால் நைலான் பிரஷ்ஷிலிருந்து ஒரே ஒரு இழை. ஜெட் போகிற பாதையையும் ஊத வேண்டும், பலர் ஜெட்டை மட்டும் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, சரியாகவில்லை என்கிறார்கள். சில மாடல்களில் ஸ்லோ ஜெட்டை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், கழற்ற வராது, பிடுங்க வேண்டாம். கிளீனர் அடிப்பதற்கு முன் ரப்பர் ஓ ரிங், ஃப்ளோட் நீடில் (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசி) இரண்டையும் வெளியே எடுத்துவிடுங்கள், ரப்பரை அது கெடுத்துவிடும்.

புல்லட்டை ராத்திரி நிறுத்தினால் காலையில் கீழே பெட்ரோல் சொட்டியிருக்கிறது.

பெரும்பாலும் இரண்டு கோளாறு சேர்ந்துதான் இப்படி ஆகும். காக் ஆஃபில் வைத்தும் முழுதாக அடைப்பதில்லை, ஃப்ளோட் நீடிலும் ஒழுங்காக உட்கார்வதில்லை. நீடிலின் கூம்பு முனையை நகத்தால் தடவிப் பாருங்கள், வளையமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் புது நீடில் போட வேண்டும். அது உட்காரும் சீட்டில் தூசி இருக்கிறதா, கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட்டைக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

இதில் முக்கியமான விஷயம் வேறு. வழிகிற பெட்ரோல் எல்லாம் தரைக்கு வருவதில்லை, ஒரு பங்கு இன்ஜினுக்குள்ளும் இறங்கலாம். ஆயிலை எடுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தாலோ லெவல் ஏறியிருந்தாலோ ஸ்டார்ட் பண்ணாமல் ஆயிலை மாற்றுங்கள்.

ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று?

ஸ்லோவில் காற்று, பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ இது. முழுதாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பியுங்கள். மூடும்போது இறுக்கக் கூடாது, லேசாகத் தொட்டதும் நிறுத்துங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, இதை மெதுவாகத் திருகி, ஸ்லோ எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே விட்டுவிட்டு, ஸ்லோ வேகத்துக்கான தனி ஸ்க்ரூவைக் குறையுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ஆர்எக்ஸ், பழைய புல்லட் போன்றவற்றின் விஎம் வகைக் கார்புரேட்டரில் இந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும், உள்ளே திருகினால் பெட்ரோல் பங்கு கூடும். இன்ஜின் பக்கம் ஸ்க்ரூ இருக்கும் கார்புரேட்டர்களில் நேர் எதிர், வெளியே திருகினால்தான் கூடும். இது தெரியாமல் திருகித்தான் பல வண்டிகள் கெடுகின்றன.

இ20 பெட்ரோல் வந்த பிறகு என் 1994 வண்டியில் திணறல் இருக்கிறது சார். பெட்ரோல்தான் காரணமா?

ஓரளவு காரணம்தான், ஆனால் எல்லாப் பழியையும் அதன் மேல் போட முடியாது. சுத்தமான பெட்ரோல் எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20க்குச் சுமார் 13.5 போதும். இன்ஜெக்ஷன் வண்டி சென்சார் மூலம் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே ஊற்றும், கலவை கொஞ்சம் லீனாகிவிடும், அதாவது தேவைக்குப் பெட்ரோல் குறைந்து காற்று கூடிவிடும். பிளக் வெள்ளையாக இருந்து, பாதி ஆக்ஸிலேட்டரில் திணறினால் ஆக்ஸிலேட்டரோடு மேலும் கீழும் போகும் ஜெட் நீடிலின் கிளிப்பை ஒரு காடி (வெட்டு) கீழே போடுங்கள், நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். முழு ஆக்ஸிலேட்டரில்தான் தொல்லை என்றால் மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரிதாக. இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள், அடியில் தனி அடுக்கோ உருளும் முத்துகளோ தெரிந்தால் டேங்கையே காலி செய்ய வேண்டும். பழைய ரப்பர் டியூப், ஓ ரிங் எல்லாம் ஊதிப்போகும், எத்தனால் தாங்கும் டியூபாகக் கேட்டு வாங்குங்கள். மாதக் கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

ராஜ்தூத் 350. இடது சைலன்ஸர் சூடாவதே இல்லை.

நல்ல வண்டி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள், கோளாறு வலது பக்கம் போனால் பிளக்தான். போகாவிட்டால் இடது கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட். இரண்டும் சுத்தம் என்றால், ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது கார்புரேட்டருக்குள் மேலேறும் ஸ்லைடுகளைப் பாருங்கள்: ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, இரண்டு வாயிலும் ஒவ்வொரு விரலை வைத்து ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருகினால் இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். ஒன்று பிந்தினால் அதன் கேபிள் அட்ஜஸ்டரைச் சரிசெய்யுங்கள். இதே ஆக்ஸிலேட்டர் கேபிள்தான் இன்ஜினுக்கு ஆயில் கொடுக்கும் பம்பையும் இழுக்கிறது, அதனால் கேபிளில் கை வைத்த பிறகு பம்பில் உள்ள குறி பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள். மறந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துவிடும்.

மைலேஜுக்காக மெயின் ஜெட் சின்னதாகப் போடலாம் என்கிறார் மெக்கானிக்.

வேண்டாம். லீனாக ஓடும் இன்ஜின் சூடேறும், டூ ஸ்ட்ரோக் என்றால் நெடுஞ்சாலையில் பிஸ்டன் பிடிக்கும். மைலேஜ் குறைந்தால் ஏர் ஃபில்டர், பிரேக் உரசல், டயர் காற்று பாருங்கள்.

ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்குவதில்லை.

கேபிள் சிக்கவில்லை என்றால், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் மெனிஃபோல்டில் வெடிப்பு இருக்கும். கழற்றி வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும்.

புல்லட் சூடானதும் நிற்கிறது, மூன்று மெக்கானிக்கும் கார்புரேட்டர் என்றார்கள்.

நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்புதான் இல்லை. ஸ்பார்க்குக்குக் காண்டாக்ட் பாயின்ட் வைத்த பழைய மாடல் என்றால், அதோடு இருக்கும் கண்டென்சரை முதலில் மாற்றுங்கள், சூட்டில் படுத்து, ஆறியதும் எழுந்துகொள்வது அதன் வழக்கம்.

டேங்கில் துரு. ஃபில்டர் போட்டால் போதுமா?

ஃபில்டர் தற்காலிகம்தான், துரு அதையும் அடைத்துவிடும். காக்கைக் கழற்றித் துளையை அடைத்து, வினிகர் நிரப்பி ஒன்றிரண்டு நாள் வையுங்கள், துரு இளகி வரும். கொட்டிவிட்டு, சோடா உப்பு கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ முழுதாக உலர்த்துங்கள். காய்ந்ததும் தாமதிக்காமல் பெட்ரோல் ஊற்றிவிடுங்கள், வெறும் இரும்பாக விட்டால் ஒரே இரவில் மறுபடி சிவந்துவிடும்.