பேஸ் கிதாரின் சுருதியை இறக்கினால் கருவி கெடுமா?
நான்கு தந்திகளையும் ஒரு முழுச் சுரம் இறக்குவதால் கருவி கெடாது. ஆனால் அதன் சமநிலை மாறும். தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 41.2 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஈ (E) தந்தியை 36.7 ஹெர்ட்ஸ் கொண்ட டி (D) சுரத்துக்கு இறக்கும்போது இழுவிசை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைகிறது. அந்த இழுப்பை எதிர்த்து நிற்கும், கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பியான டிரஸ் ராடின் கை இப்போது ஓங்கி, கழுத்து பின்னோக்கிச் சாய்வதால், தொடக்க ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில்) தந்தி உரசிக் கரகரக்கும். முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃபிரெட்டின்மேல் மெல்லிய இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ராடைக் கால் சுற்றுக்குள் தளர்த்தி, மீண்டும் சுருதி சேர்க்க வேண்டும். எப்போதும் டி சுரத்திலேயே வாசிப்பவருக்கு, குறைந்த இழுவிசையை ஓரளவு ஈடுகட்ட, 0.105 அங்குலத் தடிமனுள்ள ஈ தந்திக்குப் பதிலாக 0.110 அங்குலத் தந்தியையே பரிந்துரைப்பேன். அது கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் முழுதாக அமர்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.