பீர் பரிமாறும் உணவகத்துக்குள் துப்பாக்கி வரலாமா?

கேள்வி: டெக்சாஸில், டாலஸ் புறநகர் ஒன்றில் உணவகம் நடத்துகிறேன். தோசையும் செட்டிநாட்டுச் சமையலும்தான் எங்கள் பலம். இரண்டு ஆண்டுகளாக பீர், ஒயின் பரிமாற உரிமம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவுகளில் கரோக்கி நடத்துகிறோம். சென்ற மாதம், வாரம் தவறாமல் வரும் ஒருவர் கீழே விழுந்த கைபேசியை எடுக்கக் குனிந்தபோது சட்டை விலகி, இடுப்பில் துப்பாக்கியின் பிடி தெரிந்தது. அவர் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்ட பரிமாறும் பெண், அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வேலைக்கு வர மறுக்கிறார். 51 என்று எழுதிய சிவப்புப் பலகையை வாங்கி மாட்டினால் போதும் என்கிறார் நண்பர். நியூஜெர்சியில் இருக்கும் தம்பி, மது பரிமாறும் இடத்துக்குள் துப்பாக்கி வருவதே குற்றம் என்கிறான். சமையல்காரரோ, கல்லாவுக்கு அடியில் நாமும் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சமையல்காரர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். பலகையைவிட அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

எச்-1பி, எல்-1, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு; உங்கள் சமையலறைக்கு அவை பொருந்தாது. 2022-இல் தண்டனையின் உச்சவரம்பு 15 ஆண்டுச் சிறையாக உயர்த்தப்பட்டது. ‘வைத்திருப்பது’ என்றால் விலை கொடுத்து வாங்குவது மட்டும் அல்ல. தன் கட்டுப்பாட்டில், கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும் அதில் அடங்கும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் ஒரே கல்லாவில் காலையில் கிரீன் கார்டுக்காரர், மாலையில் விசாக்காரர் என்று ஆள் மாறும் கடையில், அந்த இழுப்பறைத் துப்பாக்கி யார் கையில் இருந்ததாகக் கணக்கு? வேண்டவே வேண்டாம்.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் உங்கள் ஊழியர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள். “நான் குடித்து முடிக்கும்வரை இதைக் கொஞ்சம் உள்ளே வைத்திருங்கள்” என்று எந்த வாடிக்கையாளர் துப்பாக்கியை நீட்டினாலும் வாங்கக் கூடாது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கி வரும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். ஒப்படைப்பது நல்ல பழக்கம் என்றே மனம் சொல்லும். இங்கே அது உங்கள் பணியாளரின் விசாவையும் வாழ்க்கையையும் சேர்த்து அழித்துவிடலாம்.

இனி சிவப்புப் பலகை. உங்கள் நண்பர் சொன்னது தவறு. அது விரும்பியவர் விரும்பிய இடத்தில் மாட்டிக்கொள்ளும் பலகை இல்லை. டெக்சாஸ் மதுபான ஆணையம், ஒரு கடையின் மொத்த வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே அருந்தும் மதுவிலிருந்து வருகிறது என்று தீர்மானித்தால்தான் அந்தக் கடைக்குச் சிவப்பு. அங்கே துப்பாக்கி உரிமம் உள்ளவரும் கைத்துப்பாக்கியுடன் நுழையக் கூடாது. நுழைந்தால் 2 முதல் 10 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய பெருங்குற்றம். மற்ற மதுக்கடைகளுக்கும் உணவகங்களுக்கும் உரியது நீலப் பலகை. உங்கள் கடைக்கு எந்த நிறம் என்பது ஆணையத்தின் இணையதளத்திலேயே உங்கள் உரிம விவரத்தோடு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பிரியாணியும் தோசையும் விற்கும் இடத்தில் பீர் வருமானம் பாதியைத் தாண்டாது. எனவே உங்களுக்கு நீலம்தான்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அந்த 51 சதவீதம் மொத்தக் கடைக்கான கணக்கு. உணவகத்துக்குள் ஒரு மூலையில் பார் மேசை போட்டு, அங்கே மது மட்டுமே ஓடினாலும், டெக்சாஸில் அந்த மூலைக்குத் தனிச் சட்டம் கிடையாது. புளோரிடாவில் உண்டு: அங்கே உணவகத்தின் சாப்பாட்டு மேசையில் இருக்கலாம், முதன்மையாக மது பரிமாறவே ஒதுக்கிய பகுதிக்குள் துப்பாக்கியோடு போகக் கூடாது. உங்கள் வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தது பார் மேசையாகவே இருந்தாலும், நீங்கள் முறைப்படி தடை அறிவிக்காதவரை அவர் சட்டத்தை மீறவில்லை. அவர் கையில் பீர் இருந்தால்கூட அப்படித்தான். டெக்சாஸில் போதையில் துப்பாக்கி வைத்திருப்பதுதான் குற்றம். ஒரு குவளை அருந்துவது குற்றம் ஆகாது. இரத்தத்தில் மதுவின் அளவு 0.08-ஐத் தொட்டாலோ, உடலும் அறிவும் இயல்பாக இயங்கும் நிலை தப்பினாலோதான் போதை என்கிறது சட்டம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வடக்கு கரோலினா, ஒஹாயோ, வர்ஜீனியா, டென்னஸி ஆகியவை துப்பாக்கி உரிமையில் தாராளம் காட்டிவந்த மாநிலங்கள்தாம். அவைகூட மதுக்கூடத்துக்குள் துப்பாக்கியை அனுமதித்தபோது, வைத்திருப்பவர் ஒரு சொட்டும் அருந்தக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தே அனுமதித்தன. உணவகங்களின் விஷயத்தில் டெக்சாஸ் அந்த நிபந்தனையைக்கூட வைக்கவில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்றும் ஆக்கிவிட்டது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அவ்வளவு தூரம் கதவைத் திறந்துவிட்ட அதே சட்டமன்றம் 51 சதவீதக் கடைகளுக்கான தடையை மட்டும் எடுக்கவில்லை. மதுவும் துப்பாக்கியும் ஒரே மேசையில் கூடாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் எல்லைக் கோட்டை மனிதனின் இரத்தத்தில் போடாமல் கடையின் கணக்குப் புத்தகத்தில் போட்டுவிட்டார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் உங்களைப் போன்றவர்களிடம் முடிவை விட்டுவிட்டார்கள்.

தம்பி சொன்னது அவர் மாநிலத்துக்குச் சரி. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கில், பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியல் சாசன உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு நியூயார்க், நியூஜெர்சி, கலிபோர்னியா, ஹவாய் ஆகியவை மது பரிமாறும் இடங்களையும் கேளிக்கைக் கூடங்களையும் ‘சென்சிடிவ் இடங்கள்’, அதாவது தனிப் பாதுகாப்பு வேண்டிய இடங்கள், என்று பட்டியலிட்டுத் தடை விதித்தன. அதை எதிர்த்து வழக்குகள் தொடர்ந்து வந்தபடி இருக்கின்றன. ஹவாயில் கடைக்காரர் வெளிப்படையாக அனுமதித்தால்தான் துப்பாக்கியுடன் நுழையலாம் என்று விதி எழுதினார்கள். அந்த விதியை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தது. டெக்சாஸில் தலைகீழ்: நீங்கள் தடுக்காவிட்டால் அனுமதித்ததாகவே பொருள்.

தடுக்க வேண்டுமா என்பதற்கு வருகிறேன். எதிர்த்தரப்பின் வலியை அலட்சியமாகத் தள்ளிவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1991 அக்டோபர் 16 அன்று, உங்கள் மாநிலத்திலேயே, கில்லீன் நகரின் லூபீஸ் உணவகத்தில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே பெற்றோருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்த சூசானா ஹப்பிடம் கைத்துப்பாக்கி இருந்தது. அன்றைய சட்டத்துக்குப் பயந்து அதைக் காரில் விட்டுவிட்டு வந்திருந்தார். தாய், தந்தை இருவரையும் அங்கேயே இழந்தார். 1995-இல் டெக்சாஸ் உரிமச் சட்டம் பிறந்ததில் அவருடைய சாட்சியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2009 ஏப்ரலில் நாஷ்வில் நகரில், உங்கள் கடையில் நடப்பதைப் போன்ற ஒரு கரோக்கி இரவில், நிகழ்ச்சி நடத்தியவர் மனைவியின் கண்ணெதிரே சுடப்பட்டு இறந்தார். உரிமம் பெற்றிருந்த அந்த மனைவியின் துப்பாக்கியும் சட்டப்படி காரில்தான் இருந்தது. அந்த ஆண்டே டென்னஸி சட்டமன்றம் மதுக்கூடங்களைத் துப்பாக்கிக்குத் திறந்துவிட்டது. ஆளுநர் பிரெடெசன் நிராகரித்ததையும் மீறி நிறைவேற்றியது. இவர்களுடைய துயரம் பொய் இல்லை. ‘என் கையில் இருந்திருந்தால்’ என்ற கேள்விக்கு யாரும் அவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட முடியாது.

ஆனால் கூட்டமும் சத்தமும் மங்கிய வெளிச்சமும் உள்ள இடத்தில் இரண்டாவது துப்பாக்கி என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 7 அன்று கலிபோர்னியாவின் தவுசண்ட் ஓக்ஸ் நகரில் பார்டர்லைன் மதுக்கூடத்தில் 12 பேர் இறந்தார்கள். முதலில் உள்ளே பாய்ந்த காவல் சார்ஜெண்ட் ரான் ஹீலஸ் அவர்களில் ஒருவர். அவர் உயிரைப் பறித்த குண்டு, அவருடன் நுழைந்த நெடுஞ்சாலைக் காவல் அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. நான்கே நாளில், சிகாகோவுக்கு அருகே ராபின்ஸ் என்ற ஊரின் மதுக்கூடத்தில், சுட்டவனை மடக்கிப் பிடித்திருந்த காவலாளியைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றுவிட்டார். பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், இரண்டு பீருக்குப் பிறகு ஒருவர் எழுந்து குறிபார்ப்பதை நம்பி என் கடையைத் திறந்துவைக்க நான் துணிய மாட்டேன். தடுத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

எப்படி? ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் உரிமம் உள்ளவரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் மூன்று பிரிவுகளுக்கும் மூன்று அறிவிப்புகள் தேவை: உரிமம் இல்லாதவருக்கு 30.05, மறைத்து எடுத்து வரும் உரிமக்காரருக்கு 30.06, வெளியே தெரியும்படி எடுத்து வரும் உரிமக்காரருக்கு 30.07. வாசகம் சட்டத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆங்கிலம், ஸ்பானியம் இரண்டிலும் வேண்டும். பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரியும் நிறத்தில், எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தமிழில் எழுதி மாட்டினால் நம்மவர்களுக்குப் புரியும், சட்டத்துக்குக் கணக்கில்லை. மூன்றும் சேர்ந்தால் கண்ணாடிக் கதவின் பாதியை அடைத்துவிடும், அடைக்கட்டும். பின்பக்கம் கார் நிறுத்துமிடத்திலிருந்து வரும் கதவிலும் மாட்டுங்கள். கரோக்கி சுவரொட்டியை அதன் மேல் ஒட்டிவிடாதீர்கள். நன்றாகப் பணம் செலவழித்து மாட்டிய பலகையைத் தீபாவளிச் சலுகை விளம்பரம் மறைத்திருந்ததை ஒரு கடையில் நானே பார்த்திருக்கிறேன்.

பலகையைப் பார்த்தும் நுழைபவருக்கு 200 டாலர் வரை அபராதம், அவ்வளவுதான். நேரில் வாயால் சொன்ன பிறகும் வெளியேறாவிட்டால் அது ஓராண்டு சிறையும் 4,000 டாலர் அபராதமும் வரை போகக்கூடிய குற்றமாகிறது. ஆகவே பலகையைவிட உங்கள் வாய்ச்சொல்லுக்குப் பலம் அதிகம். யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று முன்பே முடிவு செய்யுங்கள். பரிமாறும் பெண்ணை அனுப்பாதீர்கள். நீங்களோ மேலாளரோ போங்கள். பக்கத்தில் நின்று, மற்ற மேசைக்குக் கேட்காத குரலில், “எங்கள் இடத்தில் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. காரில் பூட்டிவிட்டு வாருங்கள், உங்கள் இருக்கையை வைத்திருக்கிறேன்” என்றால் பெரும்பாலோர் எழுந்து போவார்கள். ஆனால் அவர் ஏற்கெனவே தள்ளாடினால் காருக்கு அனுப்பவே கூடாது. மது ஊற்றுவதை நிறுத்திவிட்டு, நீங்கள் உள்ளே போய் 911-ஐ அழையுங்கள்.

வெளியேற்றிய பிறகான அரை மணி நேரம்தான் மிக முக்கியம். 2017 பிப்ரவரி 22 அன்று கன்சாஸ் மாநிலம் ஓலேத்தாவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஐதராபாத்திலிருந்து போன பொறியாளர் ஸ்ரீநிவாஸ் குச்சிபொட்லா, வேலை முடிந்து நண்பருடன் ஒரு மதுக்கூடத்தின் வெளி முற்றத்தில் அமர்ந்திருந்தார். ஒருவன் வந்து அவர்களுடைய நாட்டைக் கேட்டு வம்பு செய்தான். அவனை வெளியே அனுப்பினார்கள். அவன் துப்பாக்கியோடு திரும்பி வந்தான். ஸ்ரீநிவாஸ் இறந்தார், நண்பரும், துரத்திப் பிடிக்கப் போன இளைஞர் ஒருவரும் காயமடைந்தார்கள். எந்தப் பலகையும் அதைத் தடுத்திருக்காது. ஒருவரைக் கோபத்தோடு வெளியே அனுப்பினால், அவர் கார் புறப்பட்டுப் போகும்வரை ஒருவர் உள்ளிருந்தபடி கவனிக்க வேண்டும். வெளியே மேசை போட்டிருந்தால் அங்கே இருப்பவர்களை உள்ளே அழைத்துவிடுங்கள். மிரட்டல் வார்த்தை ஒன்று காதில் விழுந்தாலும் போலீசை அழைக்கத் தயங்காதீர்கள். வாடிக்கையாளர் போய்விடுவாரே, கடைக்குக் கெட்ட பெயர் வருமே என்ற தயக்கம் நம் ஆட்களிடம் அதிகம்.

ஊழியர்களைப் பொறுத்தவரை, கடைக்குள் துப்பாக்கி கூடாது என்று நீங்கள் விதி வைக்கலாம். சட்டப்படி வைத்திருப்பவர் அதைத் தம் காரில் பூட்டி வைப்பதை மட்டும் டெக்சாஸ் சட்டப்படி தடுக்க முடியாது. காப்பீட்டையும் ஒரு முறை எடுத்துப் படியுங்கள். மது பரிமாறும் கடைகளுக்கான பல பாலிசிகளில் அடிதடி, தாக்குதலால் வரும் இழப்புக்கு ஈடு இல்லை என்ற விலக்கு விதி உள்ளே இருக்கும். முகவரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள்.

அந்த வாடிக்கையாளரிடம் பலகை மாட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வெள்ளிக்கிழமை இரவில் வேண்டாம். வார நாளில், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வடிந்த பிறகு, ஒரு காப்பியோடு உட்காருங்கள். அவர் தவறு செய்யவில்லை என்பதையும், இனி கடையின் விதி மாறுகிறது என்பதையும் சொல்லுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை அன்று மாலையே அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.